ஒன்பது மணி காட்டிய எக்கோ குமிழ்

மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்டதே எங்கள் சித்தி ஆம்ப்ளிஃபயர் போடுவதற்காகத்தான். விளக்கு, மின்விசிறி எல்லாம் மிச்ச மின்சாரத்தை வீணாக்க வேண்டாமே என்று பின்னால் செய்துகொண்டவை. சித்தி ஒரு குமிழைத் திருகினால் கடல் ஓர் அடி பின்வாங்கும். இன்னொன்றைத் திருகினால், எதிர் மாடியில் பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வார்கள். இதில் இரண்டாவது உண்மை. சித்தியைத் திட்டுவதற்காகப் பேசிக்கொண்டார்கள்.

மற்றபடி சித்தி அம்மாவின் தங்கை, வயது முப்பத்தொன்பது, உயரம் குறைவு, கோபம் அதைவிடக் கொஞ்சம் கூட. பெரிய சலவைக்கூடம் ஒன்றில் நீராவி இஸ்திரி மேஜையில் பதினொரு வருடம் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, ஹோட்டல் மேஜை விரிப்பு, ஒரு நாளைக்கு நானூறு. மூன்றாவது மாடியில் எங்களுக்கு இரண்டு அறை. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷினும் துணி வெட்டும் மேஜையும். தைத்த ஜாக்கெட்டுகளை நான் கொண்டுபோய்க் கொடுக்கும் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே. பின்னறையில் நான், சித்தி, சித்தியின் கிட்டார், பெட்டி. பெட்டி என்றால் ஆம்ப்ளிஃபயர். இடப் பங்கீட்டில் பெட்டிக்குத்தான் ஜன்னலோரம்.

எட்டு வருடத்துக்கு முன்னால், இழுத்து மூடிய ஒரு சங்கீதப் பள்ளியிலிருந்து சித்தி அந்தப் பெட்டியைப் பழையதாக வாங்கினாள். கூட வர வேண்டிய புத்தகம் வரவில்லை. முன்பலகையில் அச்சடித்த எழுத்தெல்லாம் யார் யாரோ துடைத்துத் துடைத்து அழிந்திருந்தது. வரிசையாக நாப் என்கிற குமிழ் ஏழு, இரண்டு சானல் பட்டன், ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான் தெரியும். சித்தி ஒரு வாரத்துக்கு ஒரு குமிழ் என்று வைத்துக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அதை மட்டும் தொடுவாள். ஏழாவது வாரம் முடிவதற்குள் எங்களுக்கும் பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

முதல் குமிழ் கெயின். ஏற்ற ஏற்ற கிட்டாருக்குத் தொண்டை கட்டும். இரண்டாவது பேஸ், கூட்டினால் ஜன்னல் கண்ணாடி பேசும். மூன்றாவது மிடில், அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் சித்தியைத் தவிர யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நான்காவது ட்ரெபிள், கூட்டினால் மேல்வீட்டுக்காரர் இறங்கி வருவார். ஐந்தாவதுக்குள் நாலு பேர் ஒண்டுக்குடித்தனம்: முதல் கால் வட்டத்தில் ஒரு கிட்டார் இரண்டு போலக் கேட்கும், அடுத்ததில் சத்தம் சுழலும், அதற்கடுத்ததில் நடுங்கும், கடைசியில் மூன்றும் சேர்ந்து அடித்துக்கொள்ளும். ஆறாவது எக்கோ. வாசித்தது கொஞ்சம் தள்ளித் திரும்பி வரும். குறைவாக வைத்தால் பெரிய கூடத்தில் வாசிப்பது போல இருக்கும். முழுக்கத் திருகினால் கிணற்றுக்குள் எட்டுப் பேர் மாறி மாறிக் கத்துவது போல இருக்கும். ஏழாவது வால்யூம்.

எழுத்து இல்லாததால் சித்தி மணிக்கணக்கு வைத்தாள். குமிழிலுள்ள வெள்ளைக் கோடுதான் முள். இடது கீழ் ஓரம் ஏழு மணி, அங்கே ஒன்றும் இல்லை. மேலே நேராக நின்றால் பன்னிரண்டு. வலது கீழ் ஓரம் ஐந்து மணி, அதற்கு மேல் திரும்பாது. கெயின் பத்து மணி, ட்ரெபிள் பதினொன்று, எக்கோ ஒன்பது. இதுதான் சித்தியின் சுத்தமான சத்தம். எங்கள் வீட்டில் "மணி என்ன?" என்று கேட்டால் "எதுல?" என்று திருப்பிக் கேட்பது வழக்கமாகிவிட்டது.

இன்னொரு விஷயம் எட்டாவது வாரம்தான் பிடிபட்டது. பிடித்த சத்தம் வந்ததும் சானல் பட்டனை விளக்கு மினுக்குகிற வரைக்கும் அழுத்திப் பிடித்தால், பெட்டி அந்தச் சத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். பிறகு குமிழ்கள் எங்கே நின்றாலும் அதற்குக் கவலை இல்லை. பட்டனைத் தட்டினால் சேமித்த சத்தம்தான் வரும். ஆனால் ஏதாவது ஒரு குமிழை விரல் நுனியளவு அசைத்தால் போதும். அந்தக் குமிழ் விஷயத்தில் மட்டும் பெட்டி ஞாபகத்தை உதறிவிட்டு, இப்போது அது நிஜமாக எங்கே நிற்கிறதோ அங்கே குதித்துவிடும். எல்லா வினையும் இந்தக் குதியில்தான் ஆரம்பித்தது.

குதிக்காமலிருக்க சித்திக்கு ஒரு முறை உண்டு. பெட்டியைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குமிழையும் ஏழு மணி வரைக்கும் இடதுபக்கம் திருகி, முட்டி நிற்பதைத் தெரிந்துகொண்டு, அப்புறம் அதனதன் மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துவாள். அதற்கு 'கழுவுறது' என்று பேர். கழுவாமல் சித்தி வாசித்து நான் பார்த்ததில்லை. வால்யூம் குமிழ் மட்டும் வழவழப்பான இரும்பு. அதன்மேல் சமீபத்தில் யாரோ கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். திருகாணியின் வேலையாக இருக்கும்.

திருகாணி யாரென்றால், சித்தியின் குழுவில் கீபோர்டு வாசிப்பவர். பகலில் செல்போன் ரிப்பேர் கடை. கண்ணில் பட்ட எதையும் திருகாமல் அவர் விரல் தூங்காது. எங்கள் வீட்டுக் குழாயைத் திருகிக் கையோடு கழற்றியவர். சித்தி தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தில் எக்கோவை ஒரு மணி ஏற்றி வைப்பார். சித்தி திரும்பி வந்து முதல் சுரத்திலேயே கண்டுபிடிப்பாள்.

"எவன்டா தொட்டது?"

"நான் இல்லக்கா. தானா ஏறியிருக்கும்."

"தானா ஏற அது என்ன ஜுரமா?"

குழுவில் மூன்றாவது ஆள் கேன் மாமா. வீடுகளுக்குத் தண்ணீர் கேன் போடும் வேனை ஓட்டுகிறவர். உட்கார்ந்து தட்டுகிற பெட்டி மத்தளம் வாசிப்பார். பேச்சு குறைவு. வேனில் இடம் எப்போதும் உண்டு.

போன மாதம் நீராவி மேஜையின் மூடி சித்தியின் இடது கையில் இறங்கிவிட்டது. நடுவிரலும் மோதிர விரலும் நுனியில் வெந்து போயின. கிட்டார் கம்பியை அழுத்துகிற விரல்கள். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார்: "தோல் வந்துடும். இதே இடத்துல இன்னொரு தடவை பட்டா உணர்ச்சி வராது. வேற வேலை பாருங்க." சித்தி மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் கிட்டாரை எடுத்து, கம்பியில் விரலை வைத்துப் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்ப வைத்துவிட்டாள். மறுநாள் காலை அதே மேஜைக்கு வேலைக்குப் போனாள். அங்கே மூடியின் சுருள் கம்பி தளர்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். மாற்றத்தான் ஆளில்லை.

அப்போதுதான் சலவைக்குத் துணி அனுப்புகிற ஹோட்டல் ஒன்றிலிருந்து செய்தி வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் மாலைநேரத்தில் வாசிக்க ஒரு சின்னக் குழு வேண்டுமாம், ஆறு மாதத்துக்கு. வந்து வாசித்துக் காட்ட வேண்டும். கிடைத்தால் சித்தி இஸ்திரி மேஜையை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் அந்த மூடிக்கும் அவள் விரலுக்கும் நடுவில் இருப்பது அவள் அதிர்ஷ்டம் மட்டும்தான். இதை அம்மா ஒரே வரியில் சொன்னாள்: "கிடைக்கணும்டி, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தைத்த தையலையே மறுபடி தைத்தாள்.

வாசித்துக் காட்ட அடுத்த வாரம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். அதற்குள் திருகாணிக்கு ஒரு பாடம் எடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்தேன். எனக்குப் பள்ளிக்கூடம் பத்தோடு முடிந்துவிட்டாலும் பாடம் எடுப்பதில் ஆசை உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சித்தி குளிக்கப் போனாள். புதன் சாயங்காலம் ஒத்திகை. நான் எக்கோ குமிழைச் சின்னத் திருப்புளியால் நெம்பிக் கழற்றினேன். உள்ளேயிருந்த தண்டை வலதுபக்கம் முட்டுகிற வரைக்கும் திருகினேன், அதாவது ஐந்து மணி. பிறகு குமிழைத் திரும்ப மாட்டும்போது வெள்ளைக் கோடு ஒன்பதில் நிற்கிற மாதிரி மாட்டினேன். பார்க்க ஒன்பது, உள்ளே ஐந்து. சேமித்த சத்தம் வழக்கம்போல வரும். ஒத்திகையில் திருகாணி ரகசியமாக எக்கோவைத் தொடுவார். தொட்ட மறுவினாடி கிணற்றுக்குள் எட்டுப் பேர் கத்துவார்கள். "தானா ஏறியிருக்கும்" என்று அன்றைக்குச் சொல்லட்டும் பார்க்கலாம். அதற்கு முன்பே சித்தி கழுவுவாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு அம்மா என்னை உலுக்கினாள்.

"எழுந்திருடி. ஹோட்டல்லேந்து ஃபோன். காலைல ஏழுக்கே வந்தது. அடுத்த வாரம் இல்லையாம், இன்னிக்காம். மூணு மணிக்கு."

எனக்குத் தூக்கம் போன வேகம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பின்னறைக்கு ஓடினேன். பெட்டியைக் காணோம்.

"பெட்டி எங்க?"

"காலைலயே கட்டி வெச்சுட்டா. கேன் மாமா லோடு ஏத்தற வழியில வந்து எடுத்துட்டுப் போயிட்டார். அவ அரை நாள் லீவு சொல்லிட்டு நேரா வருவா. உன்னையும் கூட வரச் சொன்னா."

"என்னை எதுக்கு?"

"கேபிள் தூக்க. வேற எதுக்கு? வாசிக்கவா?"

ஒன்றரை மணிக்கு வேன் வந்தது, முன்னால் கேன் மாமாவும் திருகாணியும். பின்னால் காலிக் கேன்களுக்கு நடுவில் பெட்டி. நான் பாய்ந்து போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடம் போதும். நெம்பு, கழற்று, தண்டைத் திருப்பு, மாட்டு. திருப்புளி என் பாவாடைப் பையில் இருந்தது. ஆனால் பெட்டியின் முன்பலகையை மறைத்து ஒரு துண்டு இறுக்கிச் சுற்றியிருந்தது. துண்டில் ஆறு ஊக்கு. சித்தி இதற்கு முன் பெட்டிக்குத் துண்டு கட்டியதே இல்லை. முதல் ஊக்கில் கை வைத்தேன். சலவைக்கூட வாசலில் வேன் நின்றது. சித்தி ஏறினாள், வேலைச் சட்டையிலேயே.

"கையை எடு."

"இல்ல சித்தி, துண்டு நழுவுதுன்னு..."

"நழுவல. கையை எடு."

எடுத்தேன். வீட்டில் என் கைக்கு இருக்கும் நல்ல பேர் அப்படி. அம்மாவின் அளவு நாடாவில் இரண்டு அங்குலம் வெட்டி ஒட்டி, ஊரிலுள்ள பெண்களை எல்லாம் ஒரே வாரத்தில் குண்டாக்கியது இந்தக் கைதான்.

சித்தி வெந்த விரல்கள் இரண்டையும் மாறி மாறி உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள். நுனி இளஞ்சிவப்பாக, மெல்லிய காகிதம் போல இருந்தது. உண்மை எனக்கு வாய்வரைக்கும் வந்தது.

"சித்தி, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம்."

"இல்ல, இப்பவே. பெட்டில..."

"அப்புறம்னு சொன்னேன்ல? எதுவா இருந்தாலும் வாசிச்சு முடிச்சதும். இப்ப எனக்குக் கை நடுங்கக் கூடாது."

முன்சீட்டிலிருந்து திருகாணி திரும்பிப் பார்த்தார். "என்னவாம்க்கா?"

"நீ ரோட்டைப் பாரு."

"நான் ஓட்டலையேக்கா."

"பரவால்ல. பாரு."

எனக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. கழுவுவாள். பெட்டியைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் குமிழையும் இடதுபக்கம் திருகுவாள். எக்கோ குமிழின் கோடு ஏழு மணியில் முட்டாமல் அதைத் தாண்டிக் கீழே போகும். அப்போதே தெரிந்துவிடும். எனக்கு அடி விழும். அடி விழட்டும். வாசிப்பதற்கு முன்னால் விழுந்தால் போதும்.

கூடத்தில் இருபது மேஜை, எல்லாவற்றிலும் சித்தி இஸ்திரி போட்ட வெள்ளை விரிப்பு. கண்ணாடி டம்ளர்களைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மேனேஜர் அம்மா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கடைசி மேஜையில் ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு ஒரு கூட்டம் சாப்பிட வருது. சீக்கிரம் ஆரம்பிங்க."

சித்தி ஊக்குகளைக் கழற்றித் துண்டை மடித்து வைத்தாள். கேபிளைச் செருகினாள். பெட்டியைப் போட்டாள். விளக்கு எரிந்தது. நான் அவள் கண்ணையே பார்த்தேன், மூடட்டும் என்று. மூடவில்லை. சானல் பட்டனை ஒரு தட்டு தட்டினாள். வால்யூமைப் பத்து மணிக்குக் கொண்டுவந்தாள். அவ்வளவுதான். கழுவவே இல்லை. எட்டு வருடத்தில் முதல் தடவை.

அவசரம், பயம், மறந்துவிட்டாள். 

"சித்தி," என்றேன். "கழுவல."

"உனக்கு இன்னிக்கு ரொம்பத்தான் அக்கறை," என்றாள், என்னைப் பார்க்காமல்.

மேனேஜர் அம்மா எழுந்து வந்தார். "என்கிட்ட ஒரே சோதனைதான். நடு மேஜையில ரெண்டு பேர் உட்கார்ந்து சாதாரணமாப் பேசுவாங்க. நீங்க வாசிக்கணும். அவங்க பேசறது அவங்களுக்குக் கேக்கணும், உங்க பாட்டு எனக்குக் கேக்கணும்." சர்வர் ஒருவரைக் கைகாட்டி உட்கார வைத்தார். இன்னொருவரைத் தேடினார். சாமான் வண்டி வந்திருந்ததால் எல்லோரும் பின்பக்கம் போயிருந்தார்கள். அவர் பார்வை என்மேல் விழுந்தது. "நீ யாரும்மா?"

"அக்கா பொண்ணு."

"சும்மாதானே நிக்கற? வா, இவரோட உட்கார்ந்து பேசு. கத்தக் கூடாது, குசுகுசுக்கவும் கூடாது."

சித்தி முகத்தில் ஒரு நொடி அவள் தலையெழுத்து முழுக்கத் தெரிந்தது. நான் போய் நடு மேஜையில் உட்கார்ந்தேன். மேடை பதினாறு அடி தள்ளி.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சுரமே தண்ணீர் மாதிரி விழுந்தது. வெந்த விரல் கம்பியில் பட்டபோது சித்தியின் தோள் லேசாக ஏறி இறங்கியது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். கேன் மாமா தட்ட, திருகாணி அடக்கமாக வாசித்தார்.

சர்வர் அண்ணா மேஜைமேல் கையைக் கோத்துக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். "என்ன பேசறது?"

"தெரியல அண்ணா."

"பேசணும்மா. மேடம் பார்க்கறாங்க. நல்லா இருக்கியா?"

"இல்ல."

"ஏன்?"

பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசினேன். "அந்தப் பெட்டியில இடதுபக்கத்துலேந்து ஆறாவது நாப் தெரியுதா?"

"தெரியுது."

"அதைத் தொட்டா ஒவ்வொரு சத்தமும் எட்டு தடவை திரும்பி வரும். இங்க கவுத்து வெச்சிருக்கிற டம்ளர் எல்லாம் கூடப் பாடும்."

"ஐயையோ. யாரு அப்படி வெச்சது?"

"ஒரு கழுதை."

"அவங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொல்ல விடல."

"அந்தக் கழுதை இப்ப எங்க?"

"உங்க எதிர்ல உட்கார்ந்திருக்கு."

அவர் கோத்த கையைப் பிரித்தார். சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "தொடாம வாசிச்சா ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அப்ப வேண்டிக்கோ."

நாங்கள் பேசியது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. மேனேஜர் அம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு நிமிடம். இன்னும் ஒன்றரை. அப்போது அவர் கையை உயர்த்தினார்.

"நிறுத்தாதீங்க, வாசிச்சுக்கிட்டே கேளுங்க. கிட்டார் வாசிச்சது திரும்பித் திரும்பி வருது. பேசறவங்க வார்த்தை மேல வந்து விழுது. அதை மட்டும் குறைங்க. பாட்டு நிக்கக் கூடாது. நின்னா சாப்பிடறவங்க தலை தூக்கிப் பார்ப்பாங்க. எனக்கு அது பிடிக்காது."

திரும்பித் திரும்பி வருவது எக்கோ. உலகத்தில் எத்தனையோ குறை சொல்லலாம். பேஸ் அதிகம் என்று சொல்லியிருக்கலாம். சித்தி அழகாக இல்லை என்றுகூடச் சொல்லியிருக்கலாம்.

திருகாணி முகம் மலர்ந்தது. "நான் குறைக்கறேன்க்கா!" என்று கீபோர்டிலிருந்து ஒரு கையைப் பெட்டிப் பக்கம் நீட்டினார். சித்தி கிட்டாரின் தலையால் அந்தக் கையை மெதுவாகத் தள்ளினாள். நான் மூச்சு விட்டேன். விட்டு முடிப்பதற்குள் சித்தி வலது கையால் திறந்த கம்பிகளை மீட்டிக்கொண்டே இடது கையைப் பெட்டிக்கு நீட்டினாள். கெயினைத் தாண்டியது. பேஸைத் தாண்டியது. ட்ரெபிள்.

"ஓடு," என்றார் சர்வர் அண்ணா.

பதினாறு அடியை ஐந்து எட்டில் தாண்டினேன். ஒரு நாற்காலி சாய்ந்தது. "சித்தி, தொடாதே! நான் அதைக் கழட்டி மாத்தி மாட்டிட்டேன்! பார்க்கத்தான் ஒன்பது, உள்ள அஞ்சு!"

திருகாணி வாசிப்பதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தார். கேன் மாமா நிறுத்தவில்லை, கண்ணைக்கூட உயர்த்தவில்லை. சித்தியின் வலது கை ஒரு மீட்டுக்கூடத் தவறவில்லை. இடது கை எக்கோ குமிழின் மேல் இருந்தது. என்னைப் பார்த்தாள். தாளத்தோடு சேர்த்து, உதடு அசையாமல் சொன்னாள்:

"தெரியும். போய் உட்கார்ந்து பேசு. அதான் உன் வேலை."

சொல்லிவிட்டுக் குமிழை ஒன்பதிலிருந்து ஏழரைக்கு மெதுவாக இறக்கினாள். எட்டுப் பேர் கத்தவில்லை. டம்ளர் பாடவில்லை. திரும்பி வந்துகொண்டிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து, ஒற்றைக் கிட்டாராகத் தனித்து நின்றது. விரல்கள் திரும்பக் கம்பிக்குப் போயின. திருகாணி விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டார்.

நான் திரும்பி வந்தேன். சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினேன். உட்கார்ந்தேன். 

"கழுதை உயிரோட இருக்கா?" என்றார் சர்வர் அண்ணா, சாதாரணக் குரலில். தெளிவாகக் கேட்டது.

பாட்டு முடிந்தது. மேனேஜர் அம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார், பிறகு சித்தியை.  போச்சு என்று நினைத்தேன். நாளைக்கும் அதே மேஜை, அதே மூடி, அதே தளர்ந்த சுருள் கம்பி. நான் ஒருத்தி வாய் திறந்ததால்.

"இங்க தினமும் ஒரு குழந்தையாவது மேஜைக்கு நடுவுல ஓடும்," என்றார் அவர். "போன வாரம் வந்தவங்க, ஒரு தட்டு விழுந்ததுக்கே நிறுத்திட்டு யாருன்னு பார்த்தாங்க. நீங்க நிறுத்தல. இது நீங்களே ஏற்பாடு பண்ணினதா?"

"இல்ல மேடம்," என்றாள் சித்தி. "இது தானா ஏறினது."

"திங்கள் தவிர ஆறு நாள். அடுத்த வாரத்துலேந்து. கீபோர்டு நின்னுது, அவர் மட்டும் கொஞ்சம் பழகட்டும். அப்புறம் ஆளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்க, யார் என்னன்னு. வாசல் பலகையில ஒட்டணும்."

சித்தி தலையாட்டினாள்.  பெட்டியை அணைத்து, கேபிளைச் சுருட்டும்போதுதான் அவள் கை நடுங்க ஆரம்பித்தது. சுருட்டியது இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாவது தடவை நான் வாங்கிச் சுருட்டினேன். விட்டுவிட்டாள்.

வேன் கிளம்பியது. திருகாணிதான் ஆரம்பித்தார். "ஏம்மா, அது யாருக்கு வெச்சது?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? நான் என்ன பண்ணினேன்?"

கேன் மாமா வண்டியை ஓட்டிக்கொண்டே, அந்த நாளின் முதல் வார்த்தையைச் சொன்னார்: "குழாய்."

சித்தி சிரிக்கவில்லை. பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "காலைல அஞ்சு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுக் கழுவினேன். எக்கோ முட்டவே இல்லை, ஏழைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தது. கழட்டிச் சரியா மாட்டினேன். சாயங்காலம் உன்னை வெச்சுக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள ஹோட்டல்லேந்து ஃபோன். இனிமே யாரும் தொடக் கூடாதுன்னு துண்டைக் கட்டினேன். அதான் அங்க மறுபடி கழுவல."

"அப்ப நான் சொல்ல வந்தப்ப ஏன் விடல?"

"விட்டிருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தா கை நடுங்கும். மூணு மணி வரைக்கும் கோபத்தைக் கட்டி வெச்சிருந்தேன்." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இப்ப தேடறேன், காணோம்."

சனிக்கிழமை அவள் சலவைக்கூடத்தில் மேலங்கியையும் கையுறையையும் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மடிப்பு கத்தி மாதிரி இருந்ததாம். போகும்போது தளர்ந்த சுருள் கம்பியைப் பற்றி முதலாளியிடம் எழுதியே கொடுத்துவிட்டாள், அடுத்து வருகிறவளுக்காக.

நாலு வரி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. வீட்டில் எழுத்து ஓரளவு நேராக இருப்பது எனக்குத்தான். அம்மாவின் வெட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதினேன். இதுவரை நீங்கள் படித்ததுதான் அந்த நாலு வரி.

இப்போது சித்தி எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். முதல் பத்தியில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. கழுதை வருகிற இடத்தில் இன்னொரு சத்தம்.

"நாலு வரி கேட்டாங்க. நீ என் பூர்வோத்தரத்தையே எழுதியிருக்க. கடல் பின்வாங்குமாம்."

"ஓரடிதானே சித்தி."

 பக்கத்தைத் திருப்பிப் பின்னுக்குப் போனாள். ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள், இப்போது தோல் வந்துவிட்ட நடுவிரலை.

"வால்யூம் நாப்ல ரப்பர் வளையம் திருகாணி மாட்டினதுன்னு எழுதியிருக்க."

"அவர்தானே? வேற யாரு?"

"அவன்கிட்ட கேட்டேன். அப்படி ஒண்ணு இருக்கறதே அவனுக்குத் தெரியல. என் கட்டு பிரிச்ச அன்னிக்கு சாயங்காலம் அது அங்க இருந்தது. அன்னிலேந்து இரும்பு வழுக்கல, விரல் வலிக்கல."

நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.

"ஒரு மாசமா நீ அம்மாவோட ஜாக்கெட்டையெல்லாம் நடந்தே போய்க் கொடுத்துட்டு வர. கேட்டா சைக்கிள் பஞ்சர்ங்கற," என்றாள் சித்தி. "இப்பத்தான் மாடிப்படிக்குக் கீழ போய்ப் பார்த்துட்டு வரேன். பின்சக்கரத்துல டயர் கையோட வருது. உள்ள ட்யூபே இல்ல. எங்கடி போச்சு?"